வீதியும் வரம்பும்: ஜப்பானியர் பொதுவிடத்தில் உண்ணும் முறை

ஜப்பானுக்குச் சென்று திரும்பிய பிரயாணிகள் அந்நாட்டாரைப் பற்றிச் சொல்லும் செய்திகளுள், அவர்கள் தெருவில் நடந்துகொண்டே எதையும் தின்னமாட்டார்கள் என்பது ஒன்று. நகர ரயிலில் ஒரு பிஸ்கோத்துப் பொட்டலத்தைக்கூடப் பிரிக்கமாட்டார்கள் என்பது இன்னொன்று. இரண்டும் பெரும்பாலும் உண்மையே. ஆனால் இவற்றை மாத்திரம் கேட்டுவிட்டு, பிறர் காண உண்பதையே அந்தச் சமூகம் இழிவாகக் கருதுகிறது என்று முடிவு கட்டுகிறவர், வசந்த காலத்தில் டோக்கியோவின் உயெனோ பூங்காவுக்குப் போய், பூத்துச் சொரியும் செர்ரி மரங்களின் அடியில் ஆயிரக்கணக்கானவர்கள் விரிப்பு விரித்து உட்கார்ந்து, பட்டப்பகலில் சோறும் மீனும் மதுவுமாகக் கூத்தடிப்பதைக் கண்டால் திகைத்துப் போவார். காலையில் ரயிலில் வாய் திறவாமல் வந்த அதே உத்தியோகஸ்தர்தாம் மாலையில் அந்த விரிப்பின்மேல் கழுத்துப் பட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு பாடிக்கொண்டிருக்கிறார்.

இந்த முரண்பாட்டின் காரணத்தை அறிய ரயிலைவிடச் சிறந்த இடம் இல்லை. டோக்கியோவிலிருந்து வடக்கே உத்சுனோமியாவை நோக்கிச் செல்லும் சாதாரண ரயிலை எடுத்துக்கொள்வோம். அதன் பெட்டிகள் பலவற்றில் இருக்கைகள் சுவரோரமாக நீளவாக்கில் அமைந்திருக்கின்றன. பிரயாணிகள் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்க, நிற்பவர்கள் அவர்களுடைய முழங்காலை உரசிக்கொண்டு நிற்கிறார்கள். அங்கே ஒரு சோற்றுருண்டையை எடுத்துக் கடிக்கிறவன் எதிர்வரிசை முழுவதன் கண்ணெதிரே கடிக்கிறான். அதன் வாசனையையும் அவர்கள் தலையில் சுமத்துகிறான். ஆகையால் பசித்தவனும் பொறுத்துக்கொள்கிறான். அதே ரயிலின் இடையே கூடுதல் கட்டணத்துக்கு ‘கிரீன்’ வகுப்பு என்று இரண்டு மாடிப் பெட்டிகள் இணைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் இருக்கைகளெல்லாம் ஒரே திசையை நோக்கியவை. முன்னிருக்கையின் முதுகில் மடக்குப் பலகை ஒன்று உண்டு. பணியாளர் பீரும் நொறுக்குத் தீனியும் கொண்டுவந்து விற்பார். அங்கே கட்டுச்சோற்றுப் பெட்டியைத் திறப்பவனை ஒருவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. இரண்டு உலகங்களுக்கும் நடுவே இருப்பது ஒரு கதவுதான்.

இத்தனைக்கும் ரயிலில் உண்பது அந்நாட்டுக்கு நேற்று வந்த பழக்கமன்று. 1885இல் இதே உத்சுனோமியா நிலையத்தில், உப்பில் ஊறிய உமேபோஷிக் காய் வைத்த இரண்டு சோற்றுருண்டைகளையும் முள்ளங்கி ஊறுகாயையும் மூங்கில் மடலில் பொதிந்து விற்றதே ‘எக்கிபென்’ என்னும் நிலையக் கட்டுச்சோற்றின் ஆரம்பம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதற்கும் முன்னதாக வேறு நிலையங்களில் விற்றார்கள் என்று வாதாடுவோரும் உண்டு. இன்று அது ஊருக்கொரு பெட்டியாக, அந்தந்தப் பிரதேசத்து நண்டும் காளானும் விலாங்கு மீனும் தாங்கி வளர்ந்திருக்கிறது. 1964இல் ஷின்கான்சென் என்னும் அதிவேக ரயில் ஓடத் தொடங்கிய பிறகும், அதில் ஏறி உட்கார்ந்து, வண்டி நகர்ந்தவுடன் பெட்டியின் நூலை அவிழ்ப்பதைப் பிரயாணத்தின் பாதி இன்பமாகக் கருதுகிறவர்கள் அங்கே ஏராளம்.

ஆக, ஓர் இடத்தைக் கண்டவுடன் ஜப்பானிய ஆசாரம் கேட்கும் கேள்வி ஒன்றே: உணவுக்கென்று இங்கே ஒரு வரம்பு வகுக்கப்பட்டிருக்கிறதா? வகுக்கப்பட்டிருந்தால், அது திறந்த வெளியாயினும் ஆயிரம்பேர் பார்க்கும் இடமாயினும் குற்றமில்லை. இல்லாவிட்டால் ஒரு மிட்டாயும் உறுத்தும். அந்நாட்டு வீதியோரங்களில் பானம் விற்கும் இயந்திரங்கள் 20 இலட்சத்துக்கும் அதிகமாக நிற்கின்றன. காசு போட்டுத் தேநீரோ காப்பியோ எடுக்கிறவர்களில் பலர் அதன் அருகிலேயே நின்று குடித்து, காலி டப்பாவைப் பக்கத்திலுள்ள கூடையில் போட்டுவிட்டுத்தான் நகர்கிறார்கள். இயந்திரத்தைச் சுற்றியுள்ள அந்த மூன்றடி நிலம் அந்தச் சில நிமிஷங்களுக்கு அவர்களுடைய பந்தி. பூங்காவின் விரிப்பிலும் இதே நியாயம் நடக்கிறது. செர்ரி மரத்தடிக்கு வருகிறவர்கள் விரிப்பின் ஓரத்தில் காலணிகளைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டுத்தான் உள்ளே கால் வைக்கிறார்கள். வீட்டு வாசற்படியில் செய்வதையே நீல நிறப் பிளாஸ்டிக் விரிப்பின் விளிம்பிலும் செய்கிறார்கள். விரித்த மாத்திரத்தில் அது ஓர் அறையாகிவிடுகிறது.

இந்தக் கட்டுப்பாடு ஆதிகாலந்தொட்டு வரும் தேசிய குணம் என்று ஜப்பானியரிலேயே சிலர் பெருமையோடு சொல்வதுண்டு. சரித்திரம் அதை ஆதரிக்கவில்லை. இன்றைய டோக்கியோவின் பழைய உருவமான எடோ, பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஏறக்குறைய பத்து இலட்சம் மக்கள் வாழ்ந்த நகரம். அவர்களில் ஆண்களின் விகிதம் மிக அதிகம். பிரபுக்களுடன் தலைநகரில் தங்கக் கடமைப்பட்ட பரிவாரங்களும், பிழைப்பைத் தேடி வந்த தச்சர்களும் கூலியாட்களும் குடும்பமின்றி வாழ்ந்த அந்த ஊரில், சமைத்துக் கொடுக்க ஆளின்றிப் பசித்தவர்களுக்குத் தெருவே அடுக்களையாயிற்று. அடிக்கடி தீப்பற்றி எரிந்த மரவீட்டு நகரத்தில் கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியை வீட்டுக்குள் வைப்பது ஆபத்தானதால், தெம்புரா என்னும் பொரியல் தெருக்கடைகளிலேயே வளர்ந்தது; குச்சியில் கோத்த மீனைப் பொதுக் கிண்ணத்திலுள்ள சாற்றில் தோய்த்து, நின்றபடியே தின்பார்கள். இன்று உலகமெங்கும் உயர்தர விடுதிகளில் பரிமாறப்படும் கைப்பிடி சுஷி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதே தெருக்கடைகளில் அவசரக்காரர்களுக்கான பண்டமாகப் பரவியதே. 1837இல் தொடங்கிப் பல்லாண்டுகள் நகர வாழ்க்கையைக் குறித்துவைத்த கிதகாவா மொரிசாதா, இந்த வியாபாரிகளையும் அவர்களுடைய சரக்குகளையும் விலைகளையும் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்.

அக்காலத்திலும் தெருவில் உண்பதை இழிவாகக் கருதியவர்கள் இல்லாமலில்லை. ஆனால் அது ஒரு வகுப்பாரின் கௌரவப் பிரச்சினையாகவே இருந்தது. சாமுராய் பட்டினி கிடந்தாலும் உண்டு முடித்தவனைப்போலப் பல் குத்திக்கொண்டிருப்பான் என்பது அந்நாட்டுப் பழமொழி. வாள் தரித்தவன் கூலிக்காரனோடு தோளுரசி நின்று தின்பதாவது! எனினும் ஆசை யாரை விட்டது? கூவகதா கெய்சாய் என்ற ஓவியர் தீட்டிய தொழிலாளர் படச்சுருளில், தெம்புராக் கடையின் முன்னே ஒரு சாமுராய் முகத்தைத் துணியால் மறைத்துக்கொண்டு நிற்பதைக் காணலாம். அந்தத் துணியில் இருக்கிறது அக்கால ஆசாரத்தின் இரகசியம் முழுவதும்.

ஒரு காலத்தில் உயர்குடியின் நியமமாக இருந்தது எப்படி எல்லா ஜனங்களின் ஆசாரமாயிற்று? இதற்கு ஒரே விடை சொல்ல இயலாது. பல ஓடைகள் வந்து கலந்திருக்கின்றன. ஒன்று மடாலயத்திலிருந்து வருவது. 1246இல் எய்ஹெய்ஜி மடத்தின் தலைவரான டோகென், துறவிகள் கஞ்சியும் சோறும் உண்ணவேண்டிய முறையைப் பற்றித் தனி நூலே எழுதினார். உண்ணும்போது ஓசை கூடாது. பக்கத்திலிருப்பவரின் பாத்திரத்தை எட்டிப் பார்த்து மனம் பொருமக் கூடாது. தலையைச் சொறிந்து பொடுகு பாத்திரத்தில் விழச் செய்யக் கூடாது என்று அவர் எதையும் விட்டுவைக்கவில்லை. இன்னொன்று போர்க்குடியினரின் உபசார முறைகளைப் பேணிவந்த ஓகசவாரா பரம்பரை. எடோ காலத்துக்குப் பின் வந்த மெய்ஜி அரசாங்கம் பள்ளிக்கூடங்களைப் பரப்பியபோது, அந்த முறை முக்கியமாகப் பெண்களுக்கான நல்லொழுக்கப் பாடமாக வகுப்பறைக்குள் நுழைந்தது. மேனாட்டார் என்ன நினைப்பார்களோ என்ற அச்சமும் சேர்ந்துகொண்டது. 1872இல் டோக்கியோவில் பிறப்பித்த சில்லறைக் குற்றங்களுக்கான ஆணை, வீதியில் அரைகுறை ஆடையோடு திரிவதையும் கண்ட இடத்தில் சிறுநீர் கழிப்பதையும் தண்டித்தது. வீதி என்பது பிறர் பார்வைக்கு உரியது என்ற எண்ணம் அந்நாளில்தான் பொதுஜனங்களின் மனத்தில் ஊன்றப்பட்டது.

ஆசாரங்கள் எவ்வளவு தூரம் காலத்துக்குக் கட்டுப்பட்டவை என்பதற்கு லூயிஸ் ஃப்ரோயிஸ் என்ற போர்த்துகேசியப் பாதிரியார் சாட்சி. 1585இல் ஐரோப்பியரையும் ஜப்பானியரையும் ஒப்பிட்டு அவர் எழுதிய சிறு நூலில், ஐரோப்பியர் கையால் உண்ண, ஜப்பானிய ஆணும் பெண்ணும் குழந்தைப் பருவத்திலிருந்தே இரண்டு குச்சிகளால் உண்கிறார்கள் என்று வியக்கிறார். உண்ணும்போது ஓசையெழுப்புவது தம்மவரிடையே அசுத்தமென்றும், ஜப்பானியரோ அதைச் சிறப்பாகக் கொள்கிறார்களென்றும் குறிக்கிறார். டோகெனின் மௌனத்தையும் ஃப்ரோயிஸ் கேட்ட ஓசையையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ‘ஜப்பானிய மரபு’ என்று ஒருமையில் பேசுவதன் அபாயம் விளங்கும். இன்றும் சோபா நூடுல்ஸை உறிஞ்சும்போது சத்தம் வரலாம். ரசம் போன்ற மிசோவைக் குடிக்கும்போது அவ்வளவு வேண்டியதில்லை. மேனாட்டு சூப்பை உறிஞ்சினால் அநாகரிகம்.

இருபதாம் நூற்றாண்டில் இந்த ஆசாரத்தின்மீது விழுந்த பலத்த அடி, 1971இல் டோக்கியோவின் கின்ஸா கடைவீதியில் விழுந்தது. அதற்கு முந்திய ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அகன்ற வீதியில் வண்டிகளை நிறுத்தி, நடப்பவர்களுக்கே அதை விட்டுவிடும் ஏற்பாடு தொடங்கியிருந்தது. நடந்து களித்த அந்தக் கூட்டத்தைக் கணக்கிட்டே, 1971 ஜூலை 20ஆம் தேதி, மித்சுகோஷி என்னும் பழம்பெரும் பல்பொருள் அங்காடியின் கீழ்த்தளத்தில் ஜப்பானில் மெக்டொனால்ட்ஸின் முதல் கடை திறக்கப்பட்டது. உட்கார இடமில்லை, 80 யென் கொடுத்து ஹாம்பர்கரை வாங்கினால் தெருவில் நின்றே தின்னவேண்டும். இளைஞர்கள் தின்றார்கள், முதியவர்கள் முகம் சுளித்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் நிஸ்ஸின் நிறுவனத்தின் மொமொஃபுகு ஆண்டோ, வெந்நீர் ஊற்றினால் சில நிமிஷங்களில் வெந்துவிடும் கோப்பை நூடுல்ஸை 100 யென்னுக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தார்; பையில் விற்ற நூடுல்ஸ் அப்போது இருபத்தைந்து யென் அளவே என்பதால் கடைகள் அதை வாங்கத் தயங்கின. அவர் நவம்பரில் அதே கின்ஸா வீதிக்குச் சரக்கை எடுத்துச் சென்று வெந்நீரும் சிறு முள்கரண்டியும் சேர்த்து விற்க, ஒரே நாளில் 20,000 கோப்பைகள் தீர்ந்தன. நாட்டின் மிகக் கௌரவமான கடைவீதியில், நீள்கேசம் வளர்த்த வாலிபர்களும் நாகரிக நங்கைகளும் நின்றபடி நூடுல்ஸ் உறிஞ்சிய காட்சி ஒரு தலைமுறையின் கலகக் கொடியாயிற்று.

மானிடவியல் அறிஞர் எமிகோ ஒனுக்கி-டியர்னி, 1997இல் வெளியான ஒரு தொகுப்பில், இந்த ஹாம்பர்கர் ஜப்பானியரின் நடத்தையை எவ்வாறு மாற்றியது என்று ஆராய்ந்திருக்கிறார். உணவை நேரே கையால் தொடுவதும் நின்றுகொண்டு உண்பதும் பழைய நியமத்துக்கு விரோதமானவை என்பதையும், அவ்விரண்டையும் இப்புதிய உணவு வற்புறுத்தியது என்பதையும் அவர் எடுத்துக்காட்டுகிறார். நியமம் அழியவில்லை, வளைந்துகொடுத்தது என்பதே என் அபிப்பிராயம். சுற்றிய காகிதத்தை அகற்றாமல் அதைப் பிடித்தபடியே தின்கிறவர்கள் அங்கே இன்றும் பலர். விரல் ரொட்டியில் படுவதில்லை.

இந்த வளைவின் பாரம் பெண்கள்மீதே அதிகமாக விழுந்திருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். வாயை அகலத் திறந்து கடிப்பதும் பல் தெரியச் சிரிப்பதும் பெண்ணுக்கு அழகல்ல என்ற பழைய போதனை எவ்வளவு ஆழமாக வேரோடியது என்பதற்கு ஒரு வியாபார உபாயமே சான்று. ‘ஃப்ரெஷ்னெஸ் பர்கர்’ என்ற உணவுக்கடைத் தொடர் 2013இல், அடக்கமாக மூடிய வாயோடு கூடிய பெண்முகத்தின் கீழ்ப்பாதியை அச்சிட்ட காகித உறை ஒன்றை வெளியிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு உண்டால் எதிரிலிருப்பவருக்கு அச்சிட்ட புன்னகை தெரியும், பின்னால் எவ்வளவு பெரிதாகவும் வாயைத் திறக்கலாம். ‘விடுதலை உறை’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். முகத்தை மறைத்துக்கொண்டு பெறும் அந்த விடுதலையைக் கண்டு சிரிப்பதா, வருந்துவதா என்று எனக்குத் தெரியவில்லை.

நகர வாழ்க்கையின் நெருக்கடி மற்றொரு பக்கத்திலிருந்து கட்டுப்பாட்டை இறுக்கியது. டோக்கியோ சுரங்க ரயில் நிர்வாகம் 1974 முதல் நன்னடத்தைச் சுவரொட்டிகளை ஒட்டிவருகிறது. 2008இல் தொடங்கி யோரிஃபுஜி புன்பெய் வரைந்த மஞ்சள் நிறச் சுவரொட்டிகள், ரயிலில் அலங்காரம் செய்துகொள்வது முதலியவற்றைக் காட்டி, ‘வீட்டில் செய்’ என்று நயமாக இடித்துரைத்தன. அன்றியும், 1995 மார்ச் 20ஆம் தேதி சுரங்க ரயிலில் ஸாரின் என்ற நச்சுவாயு பரப்பப்பட்டதன் பிறகு, வெடியோ விஷமோ ஒளித்துவைக்க இடந்தரக் கூடாதென்று நிலையங்களிலும் பொதுவிடங்களிலும் குப்பைக் கூடைகள் பெருவாரியாக அகற்றப்பட்டன. குச்சியையும் எண்ணெய்க் காகிதத்தையும் எறிய இடமில்லாத ஊரில், அவற்றைப் பையில் மடித்து வீடுவரை சுமக்கச் சம்மதிப்பவனே தெருவில் தின்னலாம். இன்றைய சுத்தத்தில் ஒழுக்கத்துக்கு எவ்வளவு பங்கு, கூடையில்லாமைக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

இந்த நெருக்கடியின் விளைவை வெளிநாட்டுப் பிரயாணிகள் பெருகிய ஊர்களில் நன்றாகக் காணலாம். கமகுரா நகரம் 2019 ஏப்ரல் முதல் அமல்படுத்திய ஒரு விதி, குறுகலான அல்லது நெரிசலான இடங்களில் நடந்துகொண்டே உண்பதைப் பிறருக்குத் தொல்லை தரும் செயல்களுள் ஒன்றாகச் சேர்த்தது. அங்குள்ள கொமாச்சி வீதியின் நெரிசலில் ஒருவர் கையிலுள்ள ஐஸ்கிரீம் மற்றொருவர் உடுப்பில் ஒட்டிக்கொள்வதுதான் கண்கூடான காரணம். கியோத்தோவின் நிஷிகி அங்காடியும் அவ்வாறே. சுமார் 390 மீட்டர் நீளமே உள்ள அந்த ஒடுங்கிய கூரை வீதியில் நூற்றுக்கு மேற்பட்ட கடைகள். வாங்கிய பண்டத்தை வாங்கிய கடையின் முன்னாலேயே தின்று, குச்சியைக் கடைக்காரரிடமே ஒப்படைத்துவிட்டு அப்பால் செல்லுமாறு அறிவிப்புகள் கேட்டுக்கொள்கின்றன. வேடிக்கை என்னவென்றால், பண்டத்தைக் குச்சியில் குத்தி, கையில் பிடித்து நடப்பதற்கு வாகாகச் செய்து விற்பவர்களும் அதே கடைக்காரர்களே. எடோவின் தெம்புராக்குச்சி பழையபடி வந்துவிட்டது. நடப்பது மட்டும் கூடாதென்கிறார்கள்.

குடியின் கதை சற்று வேறு. நாட்டுப்புற வழக்காறுகளின் ஆராய்ச்சியில் முன்னோடியான யானகிதா குனியோ, 1931இல் வெளியிட்ட மெய்ஜி, தாய்ஷோ காலத்துச் சமூக வரலாற்றில், முற்காலத்தில் மது என்பது திருநாளில் ஊர்கூடி, ஒரே பெருங்கிண்ணத்தைக் கைமாற்றிக் குடித்த கூட்டுப் பானம் என்றும், தனித்தனிச் சிறு கிண்ணத்தில் தனியாகக் குடிப்பது பிற்காலத்து வழக்கம் என்றும் விளக்குகிறார். அந்தக் கூட்டுக்குடியின் எச்சம் இன்றும் மதுச்சாலையில் உயிரோடிருக்கிறது. தனக்குத்தானே ஊற்றிக்கொள்வது அழகன்று. பக்கத்திலிருப்பவரின் கிண்ணம் குறைவதைக் கவனித்து நிரப்பவேண்டும். அவர் திரும்ப உனக்கு ஊற்றுவார். இளையவர் மூத்தவருக்குப் புட்டியை இரு கைகளாலும் பிடித்து ஊற்றுகிறார். பெறுபவரும் கிண்ணத்தை இரு கைகளால் ஏந்துகிறார். எல்லாருடைய கிண்ணமும் நிறைந்து ‘கன்பாய்’ சொல்லும்வரை ஒருவரும் உதட்டில் வைப்பதில்லை.

நின்று குடிக்கும் சாராயக் கடைகளில் இந்த நியமங்கள் தளர்ந்து, ஒரு விசித்திரமான விலக்கும் வந்துவிடுகிறது. சிறு தட்டின்மேல் கண்ணாடிக் குவளையை வைத்து, மது விளிம்பைத் தாண்டித் தட்டில் வழியும்வரை கடைக்காரர் தாராளமாக ஊற்றுவார். தூக்கினால் சிந்தும், ஆகவே வாடிக்கைக்காரர் கைகளைக் கட்டிக்கொண்டு, குனிந்து, குவளையின் விளிம்பில் வாயை வைத்து முதல் மிடறை உறிஞ்சுகிறார். பாத்திரத்தை வாய்க்குக் கொண்டுவராமல் வாயைப் பாத்திரத்துக்குக் கொண்டுபோவதை ‘நாய்த்தீனி’ என்று குழந்தைகளைக் கண்டிக்கும் நாட்டில், ஒரு சொட்டும் வீணாகக் கூடாதென்ற நியாயம் அந்தக் கண்டனத்தை வென்றுவிடுகிறது.

குடித்தவனிடம் காட்டும் சகிப்பும் அங்கே பழையது. குடிவெறி தம் நாட்டில் பெரும் அவமானம், இவர்களோ அதைப் பெருமையாகப் பேசுகிறார்கள் என்று ஃப்ரோயிஸ் பாதிரியார் அன்றே எழுதினார். எடோவிலிருந்து ஆண்ட எட்டாவது ஷோகன் யோஷிமுனே, அசுக்காயாமா குன்றில் செர்ரி மரங்களை நடுவித்து 1737இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டதிலிருந்து, பூவின் பெயரால் வெட்டவெளியில் குடிப்பதற்கு அரச சம்மதமே கிடைத்ததெனலாம். இந்தச் சகிப்பின் விலையைக் கொடுத்தவர்கள் பெண்களே. குடித்துவிட்டுத் தெருவிலும் வீட்டிலும் தொல்லை செய்பவரை அடக்கும் சட்டம் 1961இல் நிறைவேறியதும், கட்சிவேறுபாடின்றி ஒன்றுகூடிய பாராளுமன்றப் பெண் உறுப்பினர்களின் முயற்சியால்தான். அச்சட்டம் குடியைத் தடுக்கவில்லை. குடித்துப் பிறருக்கு இடைஞ்சல் செய்வதையே குற்றமாக்கியது.

பொதுவிடத்தில் மது அருந்துவதைத் தடுக்கும் சட்டம் நாடு முழுவதற்கும் என்று இன்றும் இல்லை. டோக்கியோவின் ஷிபுயா வட்டாரம், ஹாலோவீன் இரவுகளில் திரண்ட குடிகாரக் கூட்டத்தைக் கட்டுப்படுத்த 2019இல் சில நாட்களுக்கு மட்டும் தெருக்குடியைத் தடை செய்தது. 2024 அக்டோபர் 1 முதல், ரயில் நிலையத்தைச் சுற்றிய பகுதியில் மாலை 6 மணியிலிருந்து காலை 5 மணிவரை அத்தடையை ஆண்டு முழுவதற்கும் நீட்டித்தது. கடைக்குள் எவ்வளவும் குடிக்கலாம்; கதவைத் தாண்டிக் குவளையோடு நடைபாதையில் இறங்கினால், ரோந்துப் பணியாளர் வந்து, தயவுசெய்து வேண்டாம் என்று கேட்டுக்கொள்வார். சியோடா வட்டாரம் 2002இல் வீதியில் புகைபிடிப்பவர்களுக்கு அபராதம் விதித்து நாட்டுக்கே வழிகாட்டியது; நடந்து தின்பதைப் பற்றிய கமகுராவின் விதியிலும், தெருவில் குடிப்பதைப் பற்றிய ஷிபுயாவின் விதியிலும் அபராதம் என்பதே கிடையாது.